தூரப்பார்வை ஒரு குறைபாடு

இளைஞர் குழுக்களை நடத்துகிற பெரியவர்களுக்கான ஒருநாள் பயிலரங்கு ஒன்றுக்குப் போயிருந்தேன். கிட்டத்தட்ட நாற்பது பேர். கல்லூரிகளின் என்எஸ்எஸ் அலுவலர்கள், தேவாலய இளைஞர் குழுப் பொறுப்பாளர்கள், கோடை முகாம் நடத்துகிறவர்கள், என்னைப் போல ஞாயிற்றுக்கிழமை மட்டும் சமூகத்தைத் திருத்தக் கிளம்புகிற ஐடி ஆட்கள். காலை அமர்வு முழுக்க ஒரே சொல்தான்: விஷன். பயிற்சியாளர் நல்ல பேச்சாளர், சும்மா சொல்லக் கூடாது. திரையில் நடுக்கடலில் ஒரு படகு. "கரை எங்க இருக்குன்னு படகோட்டிக்குத் தெரியணும் ஃப்ரெண்ட்ஸ். உங்க பசங்களுக்கு அது தெரியாது. உங்களுக்குத் தெரியணும். அதுதான் லீடர்ஷிப்." பிறகு ஆளுக்கொரு சார்ட் பேப்பர் கொடுத்து, அடுத்த பத்தாண்டுக்கான தொலைநோக்கை ஒரே வாக்கியத்தில் எழுதச் சொன்னார். பதினைந்து நிமிடம்.

எல்லோரும் எழுதினார்கள். நான் எழுதவில்லை. பக்கத்திலிருந்தவர், "என்ன சார், ஐடியா வரலையா?" என்றார். வராமல் இல்லை. சில வருடங்களுக்கு முன்னால் இதே மாதிரி ஒரு சார்ட்டில் நானும் எழுதிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அந்தக் கைதட்டுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் என் வாதத்தைச் சொல்லிவிடுகிறேன். இளைஞர் குழுவை நடத்தும் பெரியவருக்குத் தொலைநோக்குதான் முதல் தகுதி என்பது தவறான கருத்து. வெறும் தவறு என்றால் விட்டுவிடலாம். பெரியவர் தன் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்க்காமல் இருப்பதற்கு அது ஒரு கௌரவமான சாக்கைத் தருகிறது. கண் மருத்துவரிடம் போனால் கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்று இரண்டு சொல்வார். இரண்டுமே குறைபாடு. தூரப்பார்வைக்காரருக்கு மலை உச்சி தெரியும், கையில் இருக்கும் எழுத்து தெரியாது. அதற்குக் கண்ணாடி போடுவார்கள், பாராட்டு விழா எடுக்க மாட்டார்கள்.

*

சென்னைக்குத் தெற்கே ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்பு. நகரத்தின் நடுவே ஆற்றோரங்களில் வாழ்ந்த குடும்பங்களை அப்புறப்படுத்திக் கொண்டுபோய் வைத்த அடுக்குமாடி வரிசைகள். அங்கே ஒரு தரைத்தள அறையில் 2019இல் ஞாயிறுதோறும் கணினி வகுப்பு தொடங்கினேன். அலுவலகத்தில் கழித்துக்கட்டிய எட்டு லேப்டாப்கள். முதல் வாரம் வந்தவர்கள் 31 பேர், ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை. சுவரில் என் சார்ட் தொங்கியது: '2030க்குள் இந்தக் குடியிருப்பிலிருந்து 100 மென்பொருள் பொறியாளர்கள்.' நிதி கொடுத்தவர்கள் அதைப் படமெடுத்துக்கொண்டு போனார்கள்.

நான்காம் மாதம் பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஐந்தாம் மாதம் ஒன்பது. எனக்குக் காரணங்கள் தயாராக இருந்தன. பெற்றோருக்கு அக்கறை இல்லை, பையன்கள் செல்போனிலேயே கிடக்கிறார்கள், பெண்களை வெளியே விடுவதில்லை. எல்லாக் காரணமும் அவர்கள் பக்கம் இருந்தது. என் பக்கம் விஷன் இருந்தது.

ஒரு ஞாயிறு, பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் கேட்டாள். "அண்ணா, 2030ல எனக்கு இருபத்தேழு வயசு ஆயிடும். அதுக்கு முன்னாடி, நாளைக்கு ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு ஏழு மணிக்கு பஸ் ஸ்டாப்லேர்ந்து வீட்டுக்கு எப்படிப் போறதுன்னு பேசலாமா?"

மற்ற பெண்கள் சிரிக்கவில்லை. பேருந்து நிறுத்தத்திலிருந்து அவர்களுடைய பிளாக் வரை பதினான்கு விளக்குக் கம்பங்கள். ஒன்பதில் விளக்கு எரிவதில்லை. அந்த இருட்டில் சில ஆண்கள் நிற்பார்கள். அதனால் இரண்டு பெண்கள் ஸ்பெஷல் கிளாஸை நிறுத்திவிட்டார்கள், ஒருத்தி பள்ளியையே நிறுத்தும் நிலையில் இருந்தாள். இதெல்லாம் அவர்களுக்குள் மாதக்கணக்கில் பேசப்பட்ட விஷயம். அதே அறையில், நான் புரொஜெக்டருக்கு வயர் மாட்டிக்கொண்டிருந்தபோதுகூடப் பேசியிருக்கிறார்கள். என் காதில் விழவே இல்லை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "முக்கியமான பிரச்சினைதான்மா. ஆனா நம்ம ஃபோகஸ் வேற. நாம கோடிங்ல நின்னாதான் பெரிய மாற்றம் வரும்." அப்படியே சொன்னேன். இன்றைக்கும் இரவில் நினைவு வந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. அவளோடு சேர்ந்து வரும் மூவரும் வரவில்லை. அதற்கடுத்த வாரம் நானே போய்ப் பார்த்தேன். அவர்கள் ஏற்கெனவே மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டவை இரண்டு: கம்ப எண்களை அட்டவணையாக அச்செடுத்துத் தர ஒரு ஆள், அலுவலகத்துக்குக் கூட வர ஒரு பெரியவர். "நீங்க பேச வேண்டாம்ணா, சும்மா கூட நில்லுங்க" என்றார்கள். நின்றேன். மூன்று முறை அலைந்து, இரண்டு மாதம் கழித்து ஒன்பதில் ஆறு விளக்கு எரிந்தது. மூன்று கடைசிவரை எரியவில்லை. கம்பங்களின் வரைபடத்தை அவர்கள் போட்டது என் சார்ட்டின் பின்பக்கத்தில். பெரிய தாள் வேறு கிடைக்கவில்லையாம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, வகுப்பு நின்றது. அந்தக் குடியிருப்பிலிருந்து எனக்குத் தெரிந்து ஒரு மென்பொருள் பொறியாளரும் உருவாகவில்லை.

*

'இது உங்கள் தனிப்பட்ட தோல்வி, விஷனின் தோல்வி அல்ல' என்று சொல்லலாம். நியாயமான கேள்வி. அதனால் என்னை விட்டுவிட்டு, உலகின் மிகப்பெரிய இளைஞர் இயக்கத்தையே எடுத்துக்கொள்வோம்.

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், ராபர்ட் பேடன் பவல் இருபது சொச்சம் சிறுவர்களை வைத்து ஒரு சோதனை முகாம் நடத்தினார். வசதியான பள்ளிகளின் பையன்களும் தொழிலாளர் குடும்பத்துப் பையன்களும் கலந்திருந்தார்கள். அவரிடம் தொலைநோக்கு இருந்தது, சந்தேகமே இல்லை. போயர் போரில் பெயர் வாங்கிய ராணுவத் தளபதி அவர். பிரிட்டிஷ் இளைஞர்கள் உடலாலும் ஒழுக்கத்தாலும் தளர்ந்துபோகிறார்கள், சாம்ராஜ்யத்துக்கு உறுதியான குடிமக்கள் வேண்டும் என்பது அவர் கவலை. 1908இல் அவருடைய புத்தகம் தவணைத் தவணையாக வந்தது. பெரியவர்கள் ஆரம்பித்துவைக்கும்வரை காத்திருக்காமல், பையன்கள் தாங்களே சேர்ந்து குழுக்கள் அமைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பையன்களைப் பிடித்திழுத்தது எது? சாம்ராஜ்யமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த முகாமில் ஒரு எளிய ஏற்பாடு இருந்தது. பையன்களைச் சிறு அணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அவர்களில் ஒருவனையே தலைவனாக்கி, பொறுப்பையும் அவனிடமே விட்டார். கூடாரம், சமையல், காட்டில் தடம் பார்ப்பது எல்லாம் அணியின் வேலை. பதினான்கு வயதுப் பையனை நம்பி ஒரு வேலையை ஒப்படைப்பது அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்தில் அபூர்வம்.

இதற்கு இரண்டு சாட்சிகள். 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணர் பேரணி நடந்தபோது, அழைக்கப்படாமலே சிறுமிகள் சாரணர் உடையில் வந்து நின்றார்கள். பேடன் பவலின் தொலைநோக்கில் பெண்களுக்கு இடமில்லை. வந்து நின்றவர்களைத் துரத்தவும் முடியவில்லை. அடுத்த ஆண்டு அவருடைய தங்கை ஆக்னஸின் பொறுப்பில் பெண்களுக்கான அமைப்பு தொடங்கியது. தலைவரின் கண்ணுக்குத் தெரியாததைப் பிள்ளைகள் காட்டினார்கள்.

இரண்டாவது சாட்சி நம் ஊர். இந்தியாவில் சாரணர் இயக்கம் முதலில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்குத்தான். இந்தியச் சிறுவர்களுக்குக் கதவு திறக்காததால், 1916இல் சென்னையில் அன்னி பெசன்ட், ஜார்ஜ் அருண்டேல் போன்றவர்கள் இந்தியர்களுக்கென்று ஒரு சாரணர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதே ஆண்டுதான் பெசன்ட் ஹோம் ரூல் லீகையும் தொடங்கினார். சாம்ராஜ்யத்தைக் காப்பாற்ற உருவான வடிவத்தை, சாம்ராஜ்யத்திடம் சுயாட்சி கேட்ட ஒருவர் அப்படியே எடுத்துக்கொண்டார். அது இங்கேயும் வேர் பிடித்தது. தொலைநோக்கு தலைகீழாகிவிட்டது, சின்ன அணியும் கைக்கு வந்த பொறுப்பும் அப்படியே இருந்தன. எது சுமை தாங்கும் தூண், எது சுவரில் ஒட்டிய போஸ்டர் என்று இதிலேயே தெரிகிறது.

*

தொலைநோக்கை அளவுகோலாக வைப்பதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. அந்த அளவுகோலால் நல்லதையும் கெட்டதையும் பிரிக்க முடியாது. தெளிவான, துணிச்சலான, நீண்டகாலப் பார்வைக்குப் பரிசு என்றால் அதை ஹிட்லரின் இளைஞர் படைக்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். 1936இல் அதற்கென ஒரு சட்டம் வந்தது. 1939இல் சேர்வது கட்டாயமானது. 1945இல் பெர்லின் வீதிகளில் சிறுவர்கள் பீரங்கி எதிர்ப்பு ஆயுதம் தூக்கி நின்றார்கள். நம் ஊர்க் கோடை முகாமை நான் அதோடு ஒப்பிடவில்லை. விஷன் இருக்கிறதா என்ற ஒரே கேள்வியோடு போனால் எங்கே வேண்டுமானாலும் போய்ச்சேரலாம் என்கிறேன், அவ்வளவுதான்.

இங்கே என் வாதத்துக்கு எதிரான ஒன்றையும் நானே சொல்ல வேண்டும். இளைஞர்களை இளைஞர்களே வழிநடத்த வேண்டும் என்ற கொள்கை அந்தப் படையிலும் இருந்தது. அங்கேயும் பதினைந்து வயதுப் பையன் பத்துப் பேருக்குத் தலைவன். அப்படியானால் பொறுப்பைக் கொடுப்பது மட்டும் போதாது. அங்கே இல்லாதது எது? மாட்டேன் என்று சொல்லும் உரிமை. பொறுப்பு கிடைத்தது, மறுப்பு கிடைக்கவில்லை. மறுக்க முடியாத பொறுப்புக்கு வேலைவாங்குதல் என்று பெயர்.

மறுப்புக்கு இடம்கொடுத்த ஒருவரும் அதே ஐரோப்பாவில் இருந்தார். யானுஷ் கோர்சாக். குழந்தை மருத்துவர், எழுத்தாளர். 1912 முதல் வார்சாவில் யூத அனாதைக் குழந்தைகளுக்கான இல்லத்தை ஸ்டெஃபானியா வில்ச்சின்ஸ்காவோடு சேர்ந்து நடத்தினார். அங்கே குழந்தைகளின் நீதிமன்றம் இருந்தது, நீதிபதிகள் குழந்தைகள். பெரியவர்கள் மீதும் வழக்குப் போடலாம். கோர்சாக் மீதே வழக்குகள் வந்திருக்கின்றன, அவரும் போய் நின்றிருக்கிறார். அந்தச் சட்டத்தொகுப்பு விசித்திரமானது. முதல் தொண்ணூற்றொன்பது பிரிவுகள் விட்டுவிடுவது, மன்னிப்பது பற்றியவை. நூறாவது பிரிவில்தான் குற்றம் என்ற சொல்லே ஆரம்பிக்கும்.

குழந்தைக்கு இன்றைய நாளின் மீது உரிமை உண்டு என்பது கோர்சாக் வலியுறுத்திய கருத்துகளில் ஒன்று. நான் முதலில் அதை ஒரு நல்லெண்ண வாசகமாகத்தான் எடுத்துக்கொண்டேன். பிறகு தேதிகளைப் பார்த்தேன். 1942 ஆகஸ்டில் அந்த இல்லத்தின் சுமார் இருநூறு குழந்தைகளும் கோர்சாக்கும் ட்ரெப்ளிங்காவுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். யாரும் திரும்பவில்லை. இளமை என்பது எதிர்காலத்துக்கான தயாரிப்பு மட்டும்தான் என்றால், அந்தக் குழந்தைகள் வாழ்ந்த வாழ்க்கைக்கு ஒரு பொருளும் இல்லை. தயாரானார்கள், எதிர்காலம் வரவில்லை, கணக்கு முடிந்தது. அப்படிச் சொல்ல யாருக்காவது வாய் வருமா? அவர்கள் நீதிபதியாக இருந்த அந்த வாரம் முழுமையான வாரம். எதற்கும் முன்னோட்டம் அல்ல.

*

இனி நம் வீட்டுக் கதை. என்எஸ்எஸ் 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் நாற்பதாயிரம் மாணவர்களோடு தொடங்கியது. 'எனக்கல்ல, உனக்காக' என்பது அதன் வாசகத்தின் பொருள். இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம். எவ்வளவு அழகான ஏற்பாடு! நான் படித்த பொறியியல் கல்லூரியில் அது எப்படி நடந்தது என்றால், ஏழு நாளும் மரக்கன்று நட்டோம். குழி தோண்ட வேண்டிய சிரமம் இல்லை. போன வருஷ பேட்ச் தோண்டிய குழிகள் அப்படியே இருந்தன, உள்ளே அவர்கள் நட்ட கன்றின் காய்ந்த குச்சியோடு. "சார், தண்ணி யாரு ஊத்துவாங்க?" என்று ஒருவன் கேட்டான். "நீ நடுடா முதல்ல, பெருசா யோசி" என்றார் சார். பேனரில் பசுமை பாரதம் என்று இருந்தது. ஊர்க்காரர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து எங்களை அனுதாபத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு என்ன தேவை என்று நாங்கள் கேட்கவில்லை. எங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று எங்களையும் யாரும் கேட்கவில்லை.

1992இல் யுனிசெஃப் வெளியிட்ட ஒரு சிறுநூலில் ரோஜர் ஹார்ட் என்பவர் குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப்படி ஏணியாக வரைந்தார். கீழ் மூன்று படிகள் பங்கேற்பே அல்ல: கையாளுதல், அலங்காரம், ஒப்புக்குச் சேர்த்தல். தங்களுக்குப் புரியாத ஒரு விஷயத்துக்காகப் பெரியவர்கள் எழுதிக்கொடுத்த அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குழந்தைகள் எந்தப் படியில் இருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. நம் ஊரின் விழிப்புணர்வுப் பேரணிகளை ஒரு தரம் நினைத்துப் பாருங்கள். பத்து மணி வெயில், முன்வரிசையில் ஆறாம் வகுப்பு, கையில் பிளாஸ்டிக் ஒழிப்பு அட்டை. பேரணி முடிந்ததும் குடிக்கப் பிளாஸ்டிக் பாக்கெட்டில் தண்ணீர்.

அந்த ஏணியில் எனக்கு முக்கியமாகப் படுவது உச்சிப்படி. அதில் குழந்தைகள் தனியாக இல்லை. அவர்கள் தொடங்குகிறார்கள், முடிவைப் பெரியவர்களோடு சேர்ந்து எடுக்கிறார்கள். பெரியவரை விரட்டிவிட வேண்டும் என்று ஹார்ட் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தப் பெண்களுக்கு அலுவலகத்தில் கூட நிற்க ஒரு பெரியவர் தேவைப்பட்டார். பதினாறு வயதுப் பெண்கள் தனியாகப் போனால் உட்காரவைத்து அனுப்பிவிடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். எங்கே பெரியவர் வேண்டும், எங்கே வேண்டாம் என்பதை அவர்கள் என்னைவிடத் துல்லியமாகப் பிரித்திருந்தார்கள்.

*

'அப்துல் கலாம் கனவு காணச் சொல்லவில்லையா?' என்று கேட்பார்கள். சொன்னார். அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை என்னுடையது. ஒய்.எஸ். ராஜனோடு சேர்ந்து அவர் எழுதிய இந்தியா 2020 நூல் வந்தது 1998இல். எங்கள் பள்ளிச் சுவரிலும் 2020 என்ற எண் இருந்தது. அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு, இன்னும் உண்டு. ஆனால் அவர் ஒரு தேசத்தோடு பேசினார். நான் பேசியது ஒரு அறையில் முப்பத்தோரு பேரோடு. தேசத்துக்குப் பேசும்போது முகங்கள் தெரியாது, அதனால் கனவைப் பேசலாம். அறையில் முகங்கள் இருக்கின்றன. முகத்தைப் பார்க்க முடிகிற இடத்தில் நின்றுகொண்டு கனவையே பேசினால் அது மேடைப்பேச்சின் நகல்.

இன்னொரு எதிர்வாதம் கனமானது. அதை ஒரு என்எஸ்எஸ் அலுவலர் அந்தப் பயிலரங்கின் சாப்பாட்டு வரிசையில் சொன்னார். "தம்பி, பிள்ளைங்க கேக்குறதையே செஞ்சிட்டிருந்தா கிரிக்கெட் டோர்னமென்ட்தான் நடத்திட்டிருப்போம். அவங்களுக்குத் தெரியாத உலகத்தைக் காட்டுறது யாரு?" அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. வறுமையில் வளரும் பிள்ளையின் ஆசைகூட வறுமையால் அளவெடுக்கப்பட்டிருக்கும். லேப்டாப்பைத் தொடாத பிள்ளை லேப்டாப் கேட்காது. உலகத்தைக் காட்ட வேண்டியது பெரியவரின் கடமைதான். ஆனால் காட்டுவது வேறு, டிக்கெட் எடுத்து ரயிலேற்றிவிடுவது வேறு. கணினியை நான் கொண்டுபோனது தப்பில்லை. அவர்கள் எதற்காகக் கணினி கற்க வேண்டும் என்பதையும் நானே முடிவுசெய்து சுவரில் ஆணியடித்தது தப்பு. கடைசியில் அவர்களுக்கு அட்டவணை போடத் தேவைப்பட்டபோது, நான் நான்கு மாதத்தில் கற்றுக்கொடுக்க முடியாததை அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டார்கள். டோர்னமென்ட் விஷயமும் அப்படித்தான். நடத்தட்டுமே. இரண்டு தெருவை ஒரே மைதானத்தில் சண்டையில்லாமல் விளையாடவைப்பதும், வசூலித்த பணத்துக்குக் கணக்கு ஒப்பிப்பதும் எந்தத் தலைமைப் பயிற்சியைவிடக் குறைந்தது?

என் தொழிலில் ஒரு அனுபவப் பாடம் உண்டு. பயனரைப் பார்க்காமல் மூன்று வருடத்துக்குத் திட்டம் போட்டு எழுதிய மென்பொருள் பெரும்பாலும் குப்பைக்குப் போகும். அதனால் சிறியதாகச் செய், கொடு, பார், திருத்து என்று பழகிவிட்டோம். ஒரு ஷாப்பிங் ஆப்புக்கு இவ்வளவு பணிவு காட்டுகிற நாங்கள், சனிக்கிழமை டீஷர்ட் மாட்டிக்கொண்டு குடியிருப்புக்குள் போனால் மட்டும் பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பத்தாண்டுத் திட்டம் போடுகிறோம். ஆப்பில் தவறு நடந்தால் வாடிக்கையாளர் திட்டுவார். இந்தப் பிள்ளை திட்டாது, வராமல் நின்றுவிடும். நாம் அதற்கு அக்கறையின்மை என்று பெயர் வைப்போம்.

*

அப்படியானால் பெரியவர் என்னதான் செய்வது? குழுவின் சாவி அவரிடம் இருக்கட்டும். பாதுகாப்பு அவர் பொறுப்பு, அதை வாக்கெடுப்புக்கு விட முடியாது. மற்றபடி, தன் விஷனை எழுதுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும். உங்கள் குழுவில் ஒரு பிள்ளை உங்கள் திட்டத்துக்கு மாட்டேன் என்று சொல்லி, அடுத்த வாரமும் முகம் வாடாமல் வந்து உட்கார முடியுமா? பணத்தின் கணக்கு நோட்டு யார் கையில், அதைப் பிள்ளைகள் திறந்து பார்த்திருக்கிறார்களா? நாளைக்கே நீங்கள் பெங்களூருக்கு மாற்றலாகிப் போய்விட்டால், அடுத்த ஞாயிறு அவர்கள் கூடுவார்களா?

என் வகுப்பு இந்த மூன்றிலும் தோற்றது. முதல் கேள்விக்கு ஒரு பெண் தன் வராமையால் பதில் சொன்னாள். கணக்கு நோட்டை யாரும் பார்க்கவில்லை. ஊரடங்கில் நான் நின்றதும் வகுப்பும் நின்றது. ஆனால் விளக்குக்காகச் சேர்ந்த பெண்கள் வைத்திருந்த வாட்ஸ்அப் குழு நிற்கவில்லை. ஆன்லைன் வகுப்புக்கு யார் வீட்டில் போன் இருக்கிறது, யார் யாரோடு உட்கார்ந்து படிக்கலாம் என்று அதில்தான் பிரித்துக்கொண்டார்கள். என்னையும் அதில் சேர்த்திருந்தார்கள். ரீசார்ஜ் தேவைப்பட்டால் சொல்வார்கள்.

பயிலரங்கில் பதினைந்து நிமிடம் முடிந்து சார்ட்டுகளைச் சுவரில் ஒட்டினார்கள். 2035, 2040, ஒன்றில் 2047. எல்லாமே நல்ல வாக்கியங்கள். பயிற்சியாளர் என் வெற்றுச் சார்ட்டைப் பார்த்து, "பரவாயில்லை சார், வீட்ல போய் நிதானமா எழுதுங்க" என்றார். எழுதப்போவதில்லை. தெருவின் இன்னொரு கோடியில், சமூகக்கூடத்தில் ஒரு புதுக் குழு தொடங்கியிருக்கிறோம். வெற்றுச் சார்ட்டையும் இரண்டு ஸ்கெட்ச் பேனாவையும் நடுவில் வைத்துவிட்டு, நான் கதவோரம் உட்கார்ந்திருக்கிறேன். முதல் இரண்டு வாரம் யாரும் எதுவும் எழுதவில்லை. அமைதி தாங்க முடியாமல் எனக்குத்தான் வாய் அரித்தது. மூன்றாவது வாரம் ஒரு பையன் எழுந்து போய் எழுதினான்: 'கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல.'

அங்கிருந்து ஆரம்பித்திருக்கிறோம்.